மதியம் ஒரு மணிக்குப் பிறகு: தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் மாலை வகுப்பு அடைவுநிலையை உயர்த்துமா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் என்னிடம் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. பள்ளியில் எண்பதுக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கிறார்கள். பெரும்பாலோர் பி40, அதாவது வருமானத்தில் அடிமட்ட 40 விழுக்காட்டுக் குடும்பத்தினர். ஓராண்டுக்கு மாலை வகுப்பு நடத்தும் அளவுக்கு நன்கொடை கிடைத்திருக்கிறது. அப்படி நடத்தினால் பிள்ளைகளின் அடைவுநிலை உண்மையிலேயே உயருமா, அல்லது அந்தப் பணத்தில் கணினிகள் வாங்கிப் போடுவது மேலா?

சுருக்கமான பதில், உயரும் என்பதே. ஆனால் வகுப்பு மாலையில் நடக்கிறது என்பதால் மட்டும் உயராது. பிள்ளை எந்த ஆண்டில் படிக்கிறான் என்பதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அவனுக்கு இன்று என்ன தெரியும் என்ற இடத்திலிருந்து கற்பிக்கும் வகுப்புக்குத் தெளிவான பலன் இருப்பதாகக் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டுப்பாடம் செய்யவைத்து அனுப்பும் வகுப்புக்கு அந்தப் பலன் தென்படவில்லை. பழைய தேர்வுத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் வகுப்பைப் பற்றி என் சொந்த அனுபவத்திலிருந்தே பேச முடியும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், அந்த வகை வகுப்பைத்தான் அதிக ஆண்டுகள் நடத்தினேன். அதில் நன்றாகப் படிக்கும் நான்கைந்து பேர் மேலும் நன்றாகப் படித்தார்கள் என்பதற்கு மேல் என்னால் பெருமை கொள்ள முடியவில்லை.

முதலில் நம் ஊர்ப் பிள்ளைகளின் பிற்பகல் எப்படிக் கழிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டு ஆய்வு எதையும் இந்தப் பிற்பகலுக்குள் வைத்துத்தான் நாம் படிக்க வேண்டும். பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் இவ்வூரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் இருந்தது, இப்போது செம்பனை இருக்கிறது. லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்களில் பல தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபோய்விட்டன. பள்ளி மட்டும் தோட்டத்து மண்ணிலேயே நிற்கிறது. அதனால் முன்பு நடந்தே பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் இடத்தில் இன்று வேனில் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மணிக்குப் பள்ளி விடுகிறது. தேசியப் பள்ளியில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளில் பலருக்குப் பிற்பகலில் சமய வகுப்பு உண்டு. நம் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் போவதற்கென்று ஓர் இடம் இல்லை. அப்பா குலை வெட்டிவிட்டு வந்து அசந்து தூங்குகிறார், அம்மா உதிரிப்பழம் பொறுக்கவோ தொழிற்சாலைப் பேருந்தில் ஷிப்ட் வேலைக்கோ போயிருக்கிறார். ஒரு மணியிலிருந்து இருட்டும்வரை பிள்ளை கைப்பேசியோடும் தம்பி தங்கையோடும் இருக்கிறான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதே நேரத்தில் டியூஷன் இருக்கிறது. மாதம் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் வீட்டுக்கு அது எட்டாது. நீங்கள் நிரப்ப நினைப்பது இந்த இடைவெளியைத்தான். நினைப்பு சரியானது, எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் முடிவு மாறுகிறது.

நிரப்பிப் பார்த்தவர்களில் மிகப் பெரிய செலவு செய்தது அமெரிக்கா. வறிய பகுதிப் பள்ளிகளில் பள்ளி நேரத்துக்குப் பிறகு நிலையங்கள் நடத்த அந்நாட்டு மத்திய அரசு 1998-இல் 4 கோடி டாலர் ஒதுக்கியது. 2002-இல் அந்தத் தொகை 100 கோடி டாலரை எட்டியது. அத்திட்டத்தைச் சார்பற்ற ஆய்வு நிறுவனம் ஒன்று மதிப்பிட்டு, 2003 முதல் 2005 வரை அறிக்கைகளாக வெளியிட்டது. தொடக்கப்பள்ளி நிலையில், விண்ணப்பித்த பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். மாணவர் அடைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. பள்ளி விட்ட பிறகு பாதுகாப்பாக உணர்கிறோம் என்று சொன்ன பிள்ளைகள் அதிகம். நடத்தைக் கோளாறுகளோ சற்றுக் கூடுதலாகவே பதிவாயின. இந்த முடிவு அங்கே பெரிய அரசியல் சண்டையைக் கிளப்பியது, அதை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது காரணம். அந்த நிலையங்களில் பெரும்பாலும் நடந்தது வீட்டுப்பாட உதவி, சிற்றுண்டி, விளையாட்டு ஆகியவையே. பிள்ளைகளும் எல்லா நாளும் வரவில்லை.

அதன் பிறகு வந்த, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகள் படத்தைச் சற்று மாற்றின. டர்லாக், வைஸ்பெர்க், பச்சான் ஆகிய மூவரும் 2010-இல் வெளியிட்ட தொகுப்பு, பள்ளிக்குப் பிந்தைய திட்டங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தது. படிப்படியாக அமைந்த பாடம், பிள்ளைகள் தாங்களே செய்து பழகும் முறை, அதற்கென்றே ஒதுக்கிய நேரம், எந்தத் திறன் என்று வெளிப்படையாகச் சொல்லும் குறிக்கோள் ஆகிய நான்கும் இருந்த திட்டங்களில் படிப்பிலும் நடத்தையிலும் முன்னேற்றம் தெரிந்தது. அவை இல்லாத திட்டங்களில் தெரியவில்லை. வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர் என்ற முறை கூடுதல் பலன் தருகிறது என்று 2006-இல் வந்த இன்னொரு தொகுப்பு காட்டியது. மற்றொரு பெரிய ஆய்வில், வழக்கமான வீட்டுப்பாட உதவியை எடுத்துவிட்டுத் திட்டமிட்ட பாடத்தை வைத்துப் பார்த்தார்கள். கணிதத்தில் ஓரளவு முன்னேற்றம் கிடைத்தது, வாசிப்பில் கிடைக்கவில்லை. இந்தக் கடைசி முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. கணிதத்தில் விட்டுப்போன ஒரு படியைக் கண்டுபிடித்து அதை மட்டும் நிரப்பிவிடலாம். வாசிப்பில் விட்டுப்போனது ஒரு படி இல்லை, பல ஆண்டுகள் காதில் விழாமலே போன சொற்கள்.

அமெரிக்கப் பள்ளி வேறு, தோட்டப் பள்ளி வேறு என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். நமக்கு நெருக்கமான சான்றுகள் இந்தியாவிலிருந்து வருகின்றன. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற அமைப்பு, இடைநிலைக் கல்வி முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே எடுத்து அடிப்படை எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கச் செய்தது. பானர்ஜி, கோல், டஃப்ளோ, லிண்டன் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டாம் ஆண்டில் முன்னேற்றம் 0.28 திட்ட விலக்கம். நூறு பிள்ளைகளை அறிவு வரிசையில் கீழிருந்து மேலாக நிறுத்தினால், நடுவில் 50-ஆவதாக நின்ற பிள்ளை ஏறக்குறைய 61-ஆவது இடத்துக்கு முன்னேறுகிறான் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும்: அது பள்ளி நேரத்திலேயே இரண்டு மணி நேரம் எடுத்து நடந்த வகுப்பு, மாலை வகுப்பு இல்லை. ஆனாலும் கற்பித்தது யார், எதைக் கற்பித்தார்கள் என்ற இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

நேரடியாகவே பள்ளி நேரத்துக்குப் பிந்தைய நிலையங்களை ஆராய்ந்தது டெல்லியில் நடந்த மைண்ட்ஸ்பார்க் ஆய்வு. முரளிதரன், சிங், கனிமியான் ஆகிய மூவரும் 2019-இல் வெளியிட்டார்கள். வறிய குடும்பங்களைச் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேரில் சிலருக்குக் குலுக்கலில் இடம் கொடுத்து, வாரம் ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம் வகுப்பு நடத்தினார்கள். அதில் பாதி நேரம் பிள்ளையின் நிலையைக் கண்டறிந்து அதற்கேற்பக் கேள்வி கொடுக்கும் கணினி மென்பொருள், மீதிப் பாதி ஓர் உதவியாளரோடு சிறு குழுவில் படிப்பு. நான்கரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் உயர்ந்தது. இதுவும் வருகை ஏறக்குறைய 58 விழுக்காடாக இருந்தபோதே கிடைத்த பலன். இந்த ஆய்வில் எல்லாரும் மேற்கோள் காட்டாத இரண்டு செய்திகள் உங்களுக்கு மிக முக்கியமானவை. ஒன்று, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். இரண்டு, ஆய்வாளர்கள் வைத்த தேர்வில் இவ்வளவு முன்னேறிய அதே பிள்ளைகள், பள்ளி வைத்த தேர்வில் பெரும்பாலான பாடங்களில் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் மதிப்பெண் வாங்கவில்லை.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், அதன் சூழல் நம்முடையதற்கு இன்னும் அருகில் இருப்பதால். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து இழந்த படிப்பை மீட்க, அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலையில் 60 முதல் 90 நிமிடம் வரை தெருவிலும் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வகுப்பெடுத்தார்கள். ஏறக்குறைய 19,000 கிராமத்துப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24 விழுக்காட்டை இந்த மாலை வகுப்புக்கு உரியதாகக் கொள்ளலாம் என்றும் கணக்கிட்டது. பயிற்சிபெற்ற ஆசிரியர் இல்லாமலே இது நடந்தது.

டெல்லி ஆய்வின் அந்த இரண்டாம் செய்திக்கு, அதாவது பள்ளித் தேர்வில் மதிப்பெண் கூடவில்லை என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வகுப்பு ஓராண்டில் மூடப்பட்டால் அது இதனால்தான் மூடப்படும். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம் 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னேன். தயக்கமே இல்லாமல் 376 என்று எழுதினான். எப்படிச் செய்தாய் என்று கேட்டபோது விரல் வைத்துக் காட்டினான்: நான்கில் ஒன்று போனால் மூன்று, ஏழில் சுழியம் போனால் ஏழு, எட்டில் இரண்டு போனால் ஆறு. ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டான். கழித்தல் அவனுக்குத் தெரியும், கூட்டல் இன்னும் நன்றாகவே தெரியும். நூறை உடைத்தால் பத்துப் பத்துகள் வரும் என்பதுதான் தெரியாது, அதாவது இரண்டாம் மூன்றாம் ஆண்டில் எங்கோ ஒரு வாரம் அவனுக்குத் தவறிப்போயிருக்கிறது. அந்த வாரம் அவனுக்கு அம்மையா, வேன் வரவில்லையா, யாருக்குத் தெரியும்? ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பைக்குள் போட்டு நூறு என்று வைத்து, பையை அவிழ்க்கவும் கட்டைப் பிரிக்கவும் விட்டேன். நான்காம் நாள் 224 என்று எழுதிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் குச்சிகளை மறுபடி எண்ணிச் சரிபார்த்தான்.

அதே ஆண்டு இறுதித் தேர்வில் அவன் கணிதத்தில் தேறவில்லை. ஐந்தாம் ஆண்டுத் தாளில் பின்னமும் தசமமும் விழுக்காடும் இருந்தன. அவனோ மூன்றாம் ஆண்டுப் பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தான். ஓராண்டில் ஒன்றரை ஆண்டுப் பாடத்தைக் கடந்த பிள்ளையை அந்தத் தாள் தோற்றவன் என்று சொன்னது. அவன் அம்மா என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை, அடுத்த ஆண்டு அனுப்பாமல் இருந்துவிட்டார். அடைவுநிலை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை வகுப்பு தொடங்கும் நாளன்றே பெற்றோருக்கும் நன்கொடை கொடுத்தவருக்கும் விளக்காவிட்டால், பலன் கிடைத்த பிறகும் வகுப்பு தோற்றதாகவே எழுதப்படும்.

ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யுபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் இந்தச் சிக்கலின் வடிவம் வேறு. அப்போது மாலை வகுப்பு என்றாலே ஆறாம் ஆண்டுக்கானது. ஏழு ஏ எடுக்கக்கூடியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, பள்ளியின் பெயரைக் காப்பாற்றும் வகுப்பு. கடைசி யுபிஎஸ்ஆர் 2019-இல் நடந்தது, 2021-இல் அதை எடுத்துவிட்டார்கள். படிவம் 3-இன் பொதுத்தேர்வான பிடி3-உம் 2022-இல் நீக்கப்பட்டது. நீக்கியதைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணமே இருக்கிறது. பிள்ளைகள்மீது இருந்த அழுத்தம் குறைந்தது நல்லது. ஆனால் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோருக்கு முகத்தில் அறைந்து உண்மையைச் சொல்ல இருந்த ஒரே வாய்ப்பும் போய்விட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் தேர்ச்சிநிலை மூன்று என்று அட்டையில் வந்தால், அது நல்லதா கெட்டதா என்று எங்கள் தாமானில் எந்தத் தாயும் எனக்குச் சொன்னதில்லை. ஆகவே மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கும்போது, நோய் அறியும் வேலையும் உங்கள் தலையில்தான் விழுகிறது.

எந்தப் பாடம் என்று கேட்டால், கணிதத்தோடு மலாய்மொழி வாசிப்பு என்பேன், அறிவியலை நான்காம் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளிவிடுவேன். இதை எழுதுவதில் தமிழாசிரியனான எனக்குக் கூச்சமில்லை. படிவம் 5 முடிவில் எழுதும் பொதுத்தேர்வான எஸ்பிஎம்மில் சான்றிதழ் கிடைப்பதற்கு மலாய்மொழியில் தேர்ச்சி கட்டாயம், 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம், அந்த வரலாறும் மலாய்மொழியில்தான் எழுதப்படுகிறது. நம் பிள்ளைகள் படிவம் 1-க்கு முந்திய புகுமுக வகுப்பிலோ படிவம் 1-லோ நுழைந்ததும் தடுக்கி விழும் கல் இதுதான். ஒரு சிறுமி 'சூச்சி' என்ற மலாய்ச் சொல்லை, அதாவது கழுவுதலை, 'குகி' என்று வாசித்தாள். அதில் வரும் c என்ற எழுத்துக்கு ஆங்கிலத்தில் பூனையைப் படித்தபோது 'க' ஒலி கற்றிருந்தாள், மலாயில் அதற்கு 'ச்ச' ஒலி என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை. ஒரே எழுத்துரு, இரண்டு மொழி, இரண்டு ஒலி. நடுவில் முற்றிலும் வேறான தமிழ் எழுத்து. இதைத் தமிழில் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம், மலாயிலேயே விளக்கினால் ஒரு மாதமானாலும் விளங்காது. மாலை வகுப்பில் மலாய்மொழியைத் தமிழின் வழியே கற்பிக்கத் தயங்க வேண்டாம் என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத ஆசிரியர் பலர் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாரையும் ஆண்டு வாரியாக உட்காரவைக்காதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, எழுத்து, சொல், வாக்கியம், சிறு கதை என்று ஏறுவரிசையில் வாசிக்கச் சொல்லுங்கள். அதேபோல ஈரிலக்க எண்ணிலிருந்து வகுத்தல்வரை கணக்குக் கொடுங்கள். எங்கே நிற்கிறானோ அதுவே அவன் குழு. மாணவர் எண்ணிக்கை 150-க்குக் குறைந்த சிறிய பள்ளியாக இருப்பதை ஒரு குறையாகவே பேசிப் பழகிவிட்டோம், ஆனால் இந்த வேலைக்கு அது வசதி. எண்பது பேரையும் இரண்டே வாரத்தில் இப்படிப் பார்த்து முடித்துவிடலாம். ஐந்தாம் ஆண்டுப் பையன் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டிவரும்போது கவனம் தேவை. எங்கள் வகுப்புக்குப் பிள்ளைகளே 'மக்கு கிளாஸ்' என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் ஒட்டிய வாரமே பெரிய பையன்கள் மூவர் நின்றுவிட்டார்கள். பிறகு குழுக்களுக்கு நிறத்தின் பெயர் கொடுத்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக் குழு மாற்றியதும் கேலி அடங்கியது. முன்னேறியவன் குழு மாறுவதை எல்லாரும் பார்த்தார்கள்.

கற்பிக்க யாரை வைப்பது என்பதில் பலரும் செய்யும் தவறு, காலை ஏழரை மணியிலிருந்து நின்று கற்பித்த அதே ஆசிரியரை மூன்றரை மணிவரை நிறுத்திவைப்பது. அவர் மறுக்கமாட்டார், ஆனால் களைத்தவர் காலையில் நடத்திய பாடத்தைத்தான் மாலையிலும் நடத்துவார். பல்கலைக்கழக மாணவர்கள் உற்சாகமாக வருவார்கள். அவர்களை நம்பி எஸ்பிஎம் மாணவர்களுக்கு வழிகாட்டும் வகுப்பு நடத்தலாம். கல்விக்கான தன்னார்வ அமைப்பான ஸ்ரீ முருகன் நிலையம் 1982-லிருந்து நம் சமூகத்தில் வளர்த்த தன்னார்வ மரபு சின்னதன்று. ஆனால் அவர்களுக்கே தேர்வு வரும் வாரங்களில் உங்கள் வகுப்பு நின்றுவிடும். அடிப்படை வாசிப்புக்கும் எண்ணுக்கும் நான் தேடுவது, அதே தாமானில் குடியிருக்கும், எஸ்பிஎம் அல்லது படிவம் 6 முடித்த, பொறுமையுள்ள பெண்களை. மும்பையிலும் தமிழ்நாட்டிலும் வேலை செய்தவர்கள் அப்படிப்பட்டவர்களே. அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வையுங்கள், முறையாக ஊதியம் கொடுங்கள். 'சேவை' என்று சொல்லி ஏழைப் பெண்ணின் நேரத்தை இலவசமாக வாங்குவது நீண்ட நாள் ஓடாது.

வெளியிலிருந்து வரும் ஆயத்தத் திட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு தரப்பினர் எங்கள் பள்ளிக்கு வந்து பதாகை கட்டி, பிள்ளைகளுக்கு டி-சட்டை கொடுத்து, சனிக்கிழமைகளில் தேர்வு நுட்பக் கருத்தரங்கு நடத்தினார்கள். உணவு நன்றாக இருந்தது, படங்களும் நன்றாக வந்தன. அவர்கள் விட்டுச் சென்ற பயிற்றி நூல்கள் முதல் பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் திறக்கப்படாமல் அலமாரியில் கிடந்தன, ஏனென்றால் பதின்மூன்றாம் பக்கத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை; பிள்ளைகளின் நிலையைப் பார்க்காமல் புத்தகத்தை முதலில் அச்சடித்துவிட்டார்கள்.

கணினி வாங்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. டெல்லியில் பலன் தந்தது பிள்ளையின் நிலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் மென்பொருளும் பக்கத்தில் நின்ற உதவியாளரும். கணினிகளை மட்டும் வாங்கினால் ஆறு மாதத்தில் பாதி பழுதாகும், மீதிப் பாதியில் பந்தய விளையாட்டு ஓடும். பணத்தை ஆட்களுக்கும் சாப்பாட்டுக்கும் வேனுக்கும் செலவிடுங்கள். சாப்பாட்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வறிய பிள்ளைகளுக்கான கூடுதல் உணவுத் திட்டம், அதாவது ஆர்எம்டி, 1979 முதல் நாடு முழுதும் இருக்கிறது, ஆனால் அது பள்ளி நேரத்து உணவு. ஒரு மணிக்கு மேல் வயிறு காலி. சோறும் பருப்பும் ஒரு முட்டையும் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் திடலில் ஓடவிட்டு, இரண்டு மணிக்கு வகுப்பைத் தொடங்கிய நாள்களில் எங்களுக்கு வருகைப் பதிவேடு வேறு மாதிரி நிரம்பியது.

பதிவேடு என்றதும், பலனை அளப்பதில் எல்லாரும் ஏமாறும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். ஆண்டு முடிவில் தவறாமல் வந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் வராத பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, வந்தவர்கள் எவ்வளவு மேல் என்று நன்கொடையாளரிடம் காட்டுவது வழக்கம், நானும் காட்டியிருக்கிறேன். தவறாமல் வருபவன் யார்? அம்மா நேரம் பார்த்து அனுப்பும் வீட்டுப் பிள்ளை. வகுப்பே இல்லாவிட்டாலும் அவன் மேலேதான் இருந்திருப்பான். வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், முப்பது வாரம் என்றால் 90 மணி நேரம் கற்பித்ததாகக் காகிதத்தில் இருக்கும். பாதி நாள் வந்த பிள்ளைக்கு அது 45 மணி நேரம். நான்கு மணி இடிமழைக்குப் பயந்து சீக்கிரம் கிளம்பும் நாள்களையும் தீபாவளிக்கு முந்திய வாரத்தையும் தைப்பூசத்தையும் கழித்தால் இன்னும் குறையும். யாருக்கு மிகவும் தேவையோ அவனுக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. ஆகவே வாரம் நான்கு நாள் இல்லையென்றால் தொடங்காதீர்கள் என்பேன், தொடர்ந்து இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் போய்வர ஏற்பாடு வையுங்கள். இடம் முப்பது பேருக்கு இருந்து ஐம்பது பேர் கேட்டால், தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் எல்லார் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராது. அதோடு, இடம் கிடைத்தவர்களையும் காத்திருந்தவர்களையும் ஆறு மாதம் கழித்து அதே வாசிப்புச் சோதனையில் ஒப்பிட்டால், வகுப்பால் வந்த முன்னேற்றம் எவ்வளவு என்று நேர்மையாகத் தெரிந்துவிடும். பிறகு காத்திருந்தவர்களுக்கு இடம் கொடுங்கள்.

இவையெல்லாம் செய்தும் சில பிள்ளைகளின் மதிப்பெண் அசையாமல் போகலாம். அவர்கள் அந்தப் பிற்பகலில் சாப்பிட்டு, ஒரு பெரியவரின் கண்பார்வையில், வாய்க்கால் பக்கம் போகாமல் இருந்தார்கள் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அதை அதற்குரிய பெயரில் பதிவுசெய்யுங்கள், கல்வி அடைவு என்ற கட்டத்துக்குள் எழுதாதீர்கள்.

ஆசிரியரைத் தேடுவதற்கு முன்பு வேன்காரரிடம் பேசுங்கள். எங்கள் வகுப்பு இரண்டாம் தவணையில் நின்றதற்குக் காரணம் பாடமோ பணமோ இல்லை; அவர் ஒரு மணி நடையை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடுவார், மறுபடி தோட்டத்துக்குள் வர எண்ணெய்க் காசு கட்டுப்படியாகவில்லை. புறப்பாட நடவடிக்கை நாளில் அவர் எப்படியும் பிற்பகலில் ஒரு நடை வருகிறார். அந்த நாளோடு சேர்த்து இன்னும் மூன்று நாளுக்கு என்ன கேட்பார் என்று விசாரித்து, அந்தத் தொகையை உங்கள் நன்கொடையிலிருந்து முதலில் கழித்துவிட்டு, மீதியில் எத்தனை பேரை வேலைக்கு வைக்க முடியும் என்று கணக்குப் போடுங்கள்.